மூணு ராத்திரி, ஒரே ஊர்: பீருக்காக எங்கே போவது?

போன செப்டம்பர் கடைசியில் கோயம்புத்தூரிலிருந்து என் கல்லூரி நண்பன் போன் செய்தான். கம்பெனி வேலையாக இரண்டு வாரம் பிராங்பர்ட் வருகிறானாம். நடுவில் வெள்ளி முதல் திங்கள் வரை சும்மாதான் இருப்பானாம். "டேய், மியூசியம், கோட்டை எல்லாம் வேணாம். பீருக்குன்னு பேர் போன ஊருக்குக் கூட்டிட்டுப் போ. ஒரே ஊர், மூணு ராத்திரி" என்றான். போனை வைக்கும் முன் ஞாபகம் வந்தவனாக, "புரட்டாசிடா, கறி மட்டும் கிடையாது" என்று சேர்த்தான். கறி விலக்கு, பீருக்கு விலக்கில்லை. எந்தப் பெருமாளிடம் பேசி வாங்கிய சலுகை என்று நான் கேட்கவில்லை.

எங்கள் இருவருக்கும் பீர் என்றால் 650 மில்லி பாட்டில்தான். கடையில் கேட்கும் கேள்வியும் ஒன்றே ஒன்று: "கூலிங் இருக்கா?" அதைத் தாண்டி பீரில் கேட்க ஏதாவது இருக்கிறது என்பதே எனக்கு இங்கே வந்து சில வருடம் கழித்துத்தான் உறைத்தது. நான் இருக்கும் பிராங்பர்ட்டும் பீர் ஊர் இல்லை. இங்கே ஆப்பிள் ஒயின்தான் ஊர்ப் பானம். அதனால் பீருக்கென்று ரயில் ஏறித்தான் ஆக வேண்டும். நான் ஏற்கெனவே போய்வந்த ஊர்களை வைத்து அவனுக்காக ஒரு கணக்குப் போட்டேன். அதே கேள்வியை இன்னும் நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

லண்டன் முதலில் அடிபட்டது. அவன் கையில் இருப்பது ஷெங்கன் விசா. அது பிரிட்டனுக்குச் செல்லாது, டப்ளினுக்கும் செல்லாது. விசா இருந்திருந்தாலும் ஒரு சிக்கல். இங்கிலாந்தில் பீப்பாயிலேயே முதிரும் காஸ்க் ஏல் என்ற பீர் வகையைத் தெளிய வைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் போடும் பழக்கம் பல காலமாக உண்டு. புரட்டாசிக் கணக்கில் அதை எங்கே எழுதுவது?

மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட்தான் அவன் மனதில் இருந்தது. தேதியும் ஒத்துப்போனது. ஆனால் அங்கே ஊற்றுவது மியூனிக்கின் ஆறு மதுபான ஆலைகளின் பீர் மட்டும்தான், பெரும்பாலும் ஒரே வகை. லிட்டர் குவளை 14, 15 யூரோ. மேஜை கிடைப்பதற்குள் பாதி நாள் போய்விடும். தேர் பார்க்கப் போகிறவன் ஸ்தல புராணம் படிக்க முடியாது. அதையும் எடுத்துவிட்டேன்.

மிச்சம் நான்கு: செக் நாட்டின் பில்சென், ரைன் நதிக்கரையில் கொலோன், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ், ஜெர்மனியின் பிராங்கோனியா வட்டாரத்தில் பாம்பெர்க்.

பில்சென்னுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 1838இல் அந்த ஊர்க்காரர்கள் கெட்டுப்போன பீர் பீப்பாய்கள் 36ஐ நகர மன்றத்துக்கு முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள். அப்புறம் ஊர் சேர்ந்து ஒரு ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசஃப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதுதான் இன்றைய பில்ஸ்னரின் தொடக்கம். அதுவரை அந்தப் பக்கத்து பீர்கள் பெரும்பாலும் கறுத்தும் கலங்கியும்தான் இருந்தன. குரோலுக்கு வாய்த்தது மூன்று: நேரடிப் புகை படாமல் உலர்த்திய வெளிர் மால்ட் (முளைகட்டிய பார்லி), உப்பே இல்லாதது போன்ற மென்மையான தண்ணீர், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, அதுவும் ஜாடெட்ஸ் ஊருடையது. கண்ணாடிக் கோப்பையில் பொன்னிறமாக நின்ற அந்த பீரைத்தான் இன்று உலகில் பாதிக்கு மேல் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் "கூலிங் இருக்கா" என்று கேட்டு வாங்கியதும் அதன் ஒன்றுவிட்ட பேரன்தான்.

அங்கே போனால் இரண்டு விஷயம் பழக வேண்டும். ஒன்று, பட்டியலில் 10, 12 என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து பயப்படக்கூடாது. அது போதையின் அளவில்லை, நொதிக்கும் முன் கரைசலில் இருந்த சர்க்கரையின் அளவு. 12 என்று எழுதிய, அந்த ஆலையின் பில்ஸ்னர் உர்க்வெல்லில் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான். இன்னொன்று நுரை. நம்மூரில் நுரை வந்தால் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போவோம். அங்கே "ம்லீகோ" என்று கேட்டால் கோப்பை முழுக்க ஈரமான வெள்ளை நுரையை மட்டுமே ஊற்றித் தருவார்கள். சொல்லுக்குப் பால் என்று பொருள். ஒரே மூச்சில் குடிக்க வேண்டும், லேசான இனிப்பு. முதல் தடவை எனக்கும் கை பரபரத்தது, "பாதிகூட இல்லையே" என்று. ஆலைக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் போகும் நிலவறைகளில், ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் பிடித்துத் தருவதைக் குடித்தால் மற்றதெல்லாம் மறந்துவிடும். சைவத்துக்கும் வழி உண்டு: பிரெட் தூள் புரட்டிப் பொரித்த சீஸ். செக் மொழியில் சீஸுக்குப் பெயர் "சீர்". கல்யாணச் சீர் இல்லை.

குறை என்றால் தூரம். பிராங்பர்ட்டிலிருந்து ரயில் மாறி மாறிப் போனால் ஒரு வழிக்கே ஐந்தாறு மணி நேரம். மூன்று ராத்திரியில் ஒரு நாள் ஜன்னலோரமே கழிந்துவிடும். இன்னொரு தயக்கமும் இருந்தது. வாழ்நாள் முழுக்க ஹோட்டல் சாம்பார் சாப்பிட்டவனை நல்ல வீட்டுச் சாம்பாரில் உட்கார வைப்பது போலத்தான் இது. "அருமை" என்பான். சாம்பாரைத் தவிர வேறு குழம்பும் உலகத்தில் உண்டு என்று அவனுக்குத் தெரியாமலே போகும்.

கொலோன் இதற்கு நேர்மாறு. பிராங்பர்ட்டிலிருந்து வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், கதீட்ரல் வாசலில் இறங்கலாம், ஐந்து நிமிடத்தில் கையில் கோப்பை. இங்கே பீர் என்றால் கோல்ஷ்தான். 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான கண்ணாடி. நம் மோர் டம்ளரைவிடச் சின்னது. பரிமாறுபவருக்குப் பெயர் கோபெஸ். நீல ஏப்ரன், வட்டத் தட்டில் வரிசையாகச் செருகிய கோப்பைகள், வாயில் எப்போதும் ஒரு நக்கல். கோப்பை காலியானால் நீங்கள் கேட்காமலே அடுத்தது வந்து உட்காரும். கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு விழும். போதும் என்றால் வாயால் சொன்னால் பலிக்காது, அந்த அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் மூட வேண்டும். பந்தியில் இலையை மடக்குவது போல. நான் முதல் தடவை போனபோது இது தெரியாமல் "போதும், போதும்" என்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் சொல்லிக்கொண்டே ஒன்பது கோடு வாங்கினேன்.

அடுத்த பாடம் சாப்பாட்டில். பட்டியலில் "ஹால்வர் ஹான்" என்று இருந்தது. அரைச் சேவல் என்று அர்த்தம். அரைக் கோழிக்கு இது மலிவாயிற்றே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், கம்பு மாதிரியான ரை மாவு பன்னும் தடிமனான சீஸ் துண்டும் கடுகு விழுதும் வந்தது. கோழியின் இறகுகூட இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. புரட்டாசிக்காரனுக்கோ இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

அரை மணி ரயிலில் டுஸ்ஸல்டார்ஃப். அங்கே ஆல்ட்: செம்பு நிறம், நல்ல கசப்பு. இரு ஊருக்கும் பீரை வைத்து ஓயாத வாய்ச்சண்டை. கொலோனில் ஆல்ட் கேட்காதீர்கள், அங்கே போய் கோல்ஷ் கேட்காதீர்கள். வேடிக்கை என்னவென்றால் செய்முறையில் இரண்டும் பங்காளிகள். உலகத்து பீர்களைப் பெரிய கத்தியால் வெட்டினால் இரண்டு பாதி வரும். இளஞ்சூட்டில் வேகமாக நொதிக்கும் ஈஸ்ட்டில் செய்தது ஏல். குளிரில் மெதுவாக நொதித்து, வாரக்கணக்கில் குளிரிலேயே கிடத்தி வைத்தது லாகர். கோல்ஷும் ஆல்ட்டும் ஏல் ஈஸ்ட்டில் நொதித்து, லாகர் போலக் குளிரில் கிடப்பவை. அதனால்தான் பழ வாசமும் இருக்கிறது, தொண்டையில் இறங்குவதும் சுளுவாக இருக்கிறது. கோல்ஷ் என்ற பெயரை யார் வைக்கலாம் என்று 1986இல் ஆலைகளெல்லாம் சேர்ந்து ஒப்பந்தமே போட்டன. பின்னால் ஐரோப்பிய ஒன்றியமும் புவிசார் குறியீடு கொடுத்தது. நம் திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு மாதிரி.

சரி, ஏன் கொலோன் வேண்டாம்? வேண்டாம் என்றில்லை. ஒரு நாளுக்கு அது போதும். இரண்டாம் நாள் காலையிலேயே கோபெஸின் நக்கலும் பழகிவிடும், கோப்பையும் பழகிவிடும்.

பிரஸ்ஸல்ஸ்தான் எல்லோரும் சொல்லும் பதில். ரயிலில் மூன்று மணி நேரம் போல. பீர் வகை என்று பார்த்தால் வேறெந்த ஊரும் பக்கத்தில் நிற்க முடியாது. அங்கே ஒரு மதுக்கடை 2004இல் 2,004 வகை வைத்திருந்ததற்காக கின்னஸ் சாதனை வாங்கியது. ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்றே ஒரு கோப்பை. சரியான கோப்பை கழுவிக் காயாமல் இருந்தால் சில கடைகளில் வேறு பீர் கேளுங்கள் என்பார்கள், மாற்றுக் கோப்பையில் ஊற்றித் தரமாட்டார்கள். மடத்துத் துறவிகளின் மேற்பார்வையில் செய்யும் டிராப்பிஸ்ட் வகைகள் வேறு. வெஸ்ட்மல்லே டிரிபெல் 9.5 சதவீதம், பொன்னிறம், ஏலக்காய் போட்டார்களோ என்று சந்தேகம் வரும். போடவில்லை, ஈஸ்ட்டின் வேலை அது. இவ்வளவு கனமான பீர்கள் அங்கே தழைத்ததற்கு ஒரு சட்டமும் காரணம். 1919இல் மதுக்கடைகளில் சாராய வகைகளை விற்கத் தடை வந்தது. சுருக்கென்று ஏதாவது கேட்டவர்களுக்கு ஆலைக்காரர்கள் பீரையே சுருக்கென்று ஆக்கிக் கொடுத்தார்கள். மதுவிலக்கால் என்னென்ன முளைக்கும் என்று நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

எட்டு சதவீதம் என் நண்பனுக்குப் புதிதில்லை. நம்மூர் 'ஸ்ட்ராங்' அதை ஒட்டித்தான் வரும். ஆனால் அதில் சரக்கின் காரம் முகத்தில் அடிக்கும், குடிப்பவன் நிதானிப்பான். பெல்ஜியத்துக்காரன் காரத்தை ஒளித்து வைத்திருப்பான். எழுந்து நிற்கும்போதுதான் கணக்குத் தெரியும்.

பிரஸ்ஸல்ஸில் நான் திரும்பத் திரும்பப் போவது ஒரே இடத்துக்கு: ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900 முதல் நடக்கும் கான்டியோன் ஆலை. லாம்பிக் என்ற வகையின் வீடு. பெரும்பாலான ஆலைகளில் தனியாக வளர்த்த ஈஸ்ட்டைப் போடுகிறார்கள். இங்கே யாரும் எதையும் போடுவதில்லை. கொதிக்க வைத்த தானியக் கஷாயத்தைப் பரணில் இருக்கும் அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி, ஓட்டுச் சந்துகளைத் திறந்துவிட்டு, ஒரு ராத்திரி விடுவார்கள். காற்றில் மிதப்பது வந்து இறங்கும். காலையில் மரப் பீப்பாயில் அடைத்தால் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் கிடக்கும். மூன்று வயதையும் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். குளிர்மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். பீப்பாய்களுக்கு நடுவே ஒட்டடை தொங்கும், தட்டமாட்டார்கள். பழத்துக்கு வரும் ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும்.

இதைக் கேட்டதும் பனை, தென்னை ஏறியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கள்ளில் ஈஸ்ட் பாக்கெட் யார் போட்டார்கள்? பானையும் காற்றும் பார்த்துக்கொள்ளும். இட்லி மாவும் அப்படித்தான் பொங்குகிறது. மூன்று வருடம் காத்திருப்பது மட்டும்தான் நமக்கு ஆகாது.

ஆனால் ருசி? முதல் வாய் எலுமிச்சை நீர், இரண்டாவது பச்சை ஆப்பிள், மூன்றாவதில் ஏதோ பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசம். இனிப்பு அறவே இல்லை. பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரர் முகத்தைச் சுளித்துக் கோப்பையைத் திரும்ப வைத்ததைப் பார்த்திருக்கிறேன். என் நண்பன் பிரஸ்ஸல்ஸ் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும் என்று நினைத்துக் கேட்டேன்: "நீராகாரம் குடிப்பியா?" "சின்ன வயசுல பாட்டி குடுக்கும், ஓடிருவேன்" என்றான். அவ்வளவுதான். நீராகாரமும் இரண்டு நாள் மோரும் பிடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரஸ்ஸல்ஸுக்கு டிக்கெட் போடலாம்.

வகைகளின் எண்ணிக்கை மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டாயிரம் வகை இருக்கும் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரியில் என்ன செய்வது? பஃபேயில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு வருகிறோமே, அந்தத் தட்டு மாதிரி ஆகும். எதன் ருசியும் நிற்காது. ஒரு பீரை மூன்று தடவை குடித்தால்தான் அது யார் என்று தெரியும் என்பது என் கட்சி. அந்தக் கட்சியின் தலைமை அலுவலகம் பாம்பெர்க்கில் இருக்கிறது.

பாம்பெர்க் சின்ன ஊர். பழைய நகரம் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வூர்ட்ஸ்பர்க்கில் ரயில் மாறி இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஊருக்குள்ளேயே சுமார் பத்து ஆலைகள், எல்லாம் நடக்கும் தூரம். இந்த ஊரின் பெயர் சொல்வது ரவுக்பியர், அதாவது புகை பீர். பார்லியை முளைகட்டி (நம் ராகி மால்ட்டுக்குக் கட்டுவது போலத்தான்) பிறகு உலர்த்த வேண்டும். ஒரு காலத்தில் எங்கும் விறகுத் தீயின் மேல்தான் உலர்த்தினார்கள், அதனால் பெரும்பாலான பீரிலும் கொஞ்சம் புகை இருந்தது. புகை படாத உலை வந்ததும் உலகம் அதை விட்டுவிட்டது. பில்சென்னின் பொன்னிறம் அந்த மாற்றத்தின் குழந்தை. பாம்பெர்க்கில் ஷ்லென்கெர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு ஆலைகள் மட்டும் பீச் மர விறகை விடவில்லை.

ஷ்லென்கெர்லாவில் பீரை மரப் பீப்பாயிலிருந்து நேரே பிடிப்பார்கள், கேஸ் கிடையாது, பம்ப் கிடையாது. கறுப்பு, 5.1 சதவீதம். வாயருகே கொண்டுபோனதும் மூக்கு சொல்லும்: இது பீர் இல்லை, யாரோ பன்றித் தொடையைப் புகை போட்டிருக்கிறார்கள். விறகடுப்பில் பால் காய்ச்சும்போது புகை பிடித்துவிட்டால் ஒரு வாசம் வருமே, அதன் பெரியண்ணன். முதல் கோப்பையைப் பலரால் முடிக்க முடியாது. இரண்டாவதில் புகை பின்னால் போய் மால்ட்டின் இனிப்பு முன்னால் வரும். மூன்றாவதில் புகையைத் தேட ஆரம்பிப்பீர்கள். மூன்று கோப்பை குடிக்காமல் தீர்ப்புச் சொல்லாதே என்பது அந்த ஊர்ப் பேச்சு.

புகை ஒத்துவராவிட்டாலும் நஷ்டமில்லை என்பதுதான் பாம்பெர்க்குக்கு நான் போட்ட கூடுதல் மதிப்பெண். ஷ்பெட்சியாலின் புகை மெலிது. அங்கே தொடங்குவது நல்லது. அதற்கு எதிர் வரிசையிலேயே ஃபெஸ்லா ஆலை, புகை இல்லாத பீர். மார்ஸ் ஆலைக்குப் போய் "ஒரு ஊ" என்றால் போதும், அடைப்பு இறுக்காமல் முதிரவிட்ட, வாயு குறைந்த, கலங்கலான பீர் வரும். வெறும் ஒரு எழுத்தில் பீர் வாங்கும் சுகம் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. விலையும் கொலோன், பிரஸ்ஸல்ஸைவிடக் குறைவு.

அப்புறம் கெல்லர். கெல்லர் என்றால் நிலவறை. ஆனால் இந்த ஊரில் கெல்லருக்கு "மேலே" போவார்கள். மின்சாரக் குளிர்பெட்டி இல்லாத காலத்தில் குன்றுக்குள் குடைந்து பீரைக் குளிர வைத்தார்கள். குன்றின் மேல் வெயில் படாமல் இருக்க மரம் வைத்தார்கள். மர நிழல் இருந்ததால் பெஞ்சு போட்டார்கள். பல கெல்லர்களில் பீரை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டு சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. உணவகமாக மாறிவிட்ட இடம் என்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பன்றிக்கறியில் மூழ்கிய ஊரில் புரட்டாசிக்காரன் பிழைக்க இதைவிட வழி இல்லை. இதைச் சொன்னதும் அவன் ஊர் முடிவாகிவிட்டது.

இரண்டு ராத்திரி பாம்பெர்க், மூன்றாவது கொலோன் என்று பிரித்தோம். "ஒரே ஊர்" என்றவனே ரயில் நேரத்தைப் பார்த்ததும் மனசு மாறினான்.

சனிக்கிழமை மதியம் குன்றின் மேல் பெஞ்சில் என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரையை அலுமினியத் தாளிலிருந்து பிரித்தோம். பக்கத்து பெஞ்சில் ஒரு தாத்தா, முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சாதத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு பதிலுக்கு முள்ளங்கி கொடுத்தார். புளியோதரைக்கு எது பொருந்தும் என்று நாங்கள் நாலு பீரை வைத்துப் பார்த்ததில் ஷ்பெட்சியாலின் மென்புகைதான் ஜெயித்தது. நல்லெண்ணெயும் வறுத்த மிளகாயும் அந்தப் புகையைத் தன் ஆள் என்று எடுத்துக்கொண்டன.

மாலையில் ஷ்லென்கெர்லா. உள்ளே இடமில்லை. ஜன்னலில் முன்பணம் கொடுத்துக் கோப்பை வாங்கிக்கொண்டு தெருவிலேயே நின்றோம். ஒரு வாய் குடித்தவன் கோப்பையைத் தள்ளிப் பிடித்தான். "டேய், சத்தியமா இதுல கறி இல்லையே?" தண்ணி, மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் என்று விரல் மடக்கிச் சொன்னேன். இந்த ஊர் இருக்கும் பவேரியாவில், பீரில் தண்ணி, பார்லி, ஹாப்ஸ் மட்டும்தான் போடலாம் என்று 1516இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். நம்பிக்கை இல்லாமல்தான் இரண்டாவது வாங்கினான். மூன்றாவதை என்னைக் கேட்காமல் அவனே போய் வாங்கி வந்தான்.

ஊருக்குப் போகும்போது அரை லிட்டர் பாட்டில் நான்கை வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். மூன்று வாரம் கழித்து, புரட்டாசி முடிந்த பிறகு, போன் வந்தது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோகப் பொறுமையில்லாமல் சமையலறையிலேயே முதல் பாட்டிலைத் திறந்திருக்கிறான். கோப்பையில் ஊற்றி முடிப்பதற்குள் கூடத்திலிருந்து அவன் அப்பா குரல் கொடுத்திருக்கிறார்: "அடுப்புல என்னடா தீயுது?"